கொட்டச்சேட்டுத் தழை

கொட்டச்சேட்டில் பாவாயி என்றொருத்தி தழை அரைத்துக் கொடுக்கிறாளாம், ஈரலில் படிந்த கொழுப்பெல்லாம் வெண்ணெயாய் உருகிப் போகிறதாம். நாகலூர் பஸ் கண்டக்டர் முட்டைக்காரரிடம் சொல்ல, முட்டைக்காரர் ஹலீமாவிடம் சொல்ல, அவள் கணவர் அப்துல் ரஹீமின் காதில் போட்டாள்.

ரஹீம் பாய் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் பிரியாணி ஆக்கும் பண்டாரி. நாற்பத்தாறு வயது, நூற்றெட்டுக் கிலோ. தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம் சேலத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர், ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, உடம்பைக் குறைக்காவிட்டால் ஈரல் கெட்டுவிடும், மாத்திரை ஒன்றும் கிடையாது என்று அனுப்பிவிட்டார். பாய்க்குப் பாதி உயிர் அங்கேயே போயிற்று. அவர் அண்ணன் ஈரல் கெட்டுத்தான் ஐம்பது வயதைக் காணாமலே செத்துப்போனவர்.

"ஏனுங்க, கொழுப்பு உங்களுக்கு வாயிலதான் இருக்குதுன்னு நெனச்சேன்" என்று ஹலீமா சிரித்தாள். சிரித்தவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

பாவாயி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். தேடி வந்த பாய் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"இது கீழாநெல்லிங்க பாய். காமாலைக்குக் குடுக்கறது. கொழுப்பக் கரைக்கிற தழை எங்கிட்ட இருந்தா எங்க எஸ்டேட் ரைட்டரு ஏன் அப்படிக் குண்டா இருக்கறாரு?"

பாய் நகரவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்து, கடைசியில் அவள் இறங்கி வந்தாள். மோரில் கலக்கிய தழையைத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் அவள் வாசலில் நின்றே குடிக்க வேண்டும். எண்ணெய், கறி, இனிப்பு ஆகாது. தழைக்கு வருகிறவர்கள் நடந்துதான் வர வேண்டும். பஸ்ஸில் வந்தால் தழை கோபித்துக்கொள்ளும். அது அவர்கள் ஊட்டு வழக்கம்.

முதல் வாரம் வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்து போனார். பனி மூட்டத்தில் தன் கையே தனக்குத் தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் வேறு யாருடையதோ போல முன்னால் போய்க்கொண்டிருக்கும். பங்குனியில் மழை ஒன்று விழுந்து காப்பி பூத்தது. மலை முழுக்க வெள்ளை. அந்த வாசனைக்குள் நடக்கும்போது உடம்பு எங்கேயோ கழன்று கிடப்பதுபோல் இருந்தது. கல்யாண வீட்டு அடுப்படியில் ருசி பார்க்கவும் நாக்கை நீட்டவில்லை. ஆவியை முகர்ந்தே உப்புப் போட்டார். ஒருவரும் குறை சொல்லவில்லை.

வைகாசியில் தொண்ணூற்று மூன்று கிலோ. சேலத்தில் மறுபடி ஸ்கேனும் ரத்தமும் பார்த்தார்கள். முடிவை டாக்டர் மறுநாள் நாலு மணிக்கு சேகரின் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு.

மூன்றரைக்கே பாய் பூத்துக்கு வந்துவிட்டார். ஈரல் தேறவில்லை என்றால் ஹலீமாவை எந்த முகத்தோடு பார்ப்பது? தேறிவிட்டது என்றால், நாளைக் காலையில் என்ன சொல்லிக்கொண்டு அந்தப் பனிக்குள் போவது? இரண்டாவது கவலை எங்கிருந்து வந்ததென்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

போன் மணி அடித்தது.

"சேலமாத்தான் இருக்கும், எடுங்க பாய்" என்றார் சேகர்.

பாய் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.