பாஸ்காவில் விழுந்த நிஜ அடி

எண்பதுகளின் கடைசியில், பொம்மிடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் பெங்களூரிலிருந்து ஒரு டி.வி. கேம் வாங்கிவந்து கடையில் வைத்தார். துப்பாக்கியை நீட்டிச் சுட்டால் திரையில் ஆட்கள் சுருண்டு விழுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் என் தம்பி நேரே அங்கேதான் போவான். பதினாலு வயது. கோழி அறுத்தாலே கொல்லைப்பக்கம் ஓடிப்போகிறவன், அந்தப் பெட்டி முன்னால் மட்டும் பெரிய சூரன். சூடுபட்டவர்களெல்லாம் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்துவிடுவார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு சொல்லுவான்.

தவக்காலம் வந்தால் எங்கள் ஊர்க் கோயிலில் பாஸ்கா போடுவார்கள். சேசுவின் பாடுகளை ஊராரே வேஷம் கட்டி நடிக்கும் நாடகம். அந்த வருஷம் சேசு வேஷம் என் வீட்டுக்காரருக்கு. தாடி வளர்த்து, கறியையும் குடியையும் விட்டு, ஊரே கையெடுத்துக் கும்பிடும்படி திரிந்தார். அவரைத் தூணில் கட்டி அடிக்கும் சேவகனாக என் தம்பி. அடிக்கிற சாட்டை, பழம்புடவையைத் திரித்துச் சிவப்புச் சாயத்தில் நனைத்தது. பட்ட இடத்தில் சாயம் ஒட்டும், வலிக்காது.

அன்றைக்கு அவன் கையில் இருந்தது எங்கள் அப்பாவின் மாட்டுச் சாட்டை.

முதல் அடிக்கே இவர் "ஐயோ அம்மா" என்று அலறினார். சேசு அப்படியெல்லாம் கத்தியிருக்கமாட்டாரே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "என்னமா நடிக்கிறாரு பாருடி!" என்று பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சிந்தினாள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தோல் கிழிந்து, இவர் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்த பிறகுதான் தீர்ப்பு சொல்லும் பிலாத்து வேஷக்காரர் ஓடிவந்து சாட்டையைப் பிடுங்கினார். நல்ல கூத்து!

எனக்கு மட்டும் காரணம் அப்போதே தெரிந்துபோயிற்று. தவக்காலத்துக்காகக் குடியை விட்டாரே தவிர, என்னை அடிப்பதை இந்த மனிதர் விடவில்லை. முந்தின வாரம், சுடுதண்ணீர் வைக்கத் தாமதமானதற்கு இடுப்புவாரைக் கழற்றி விளாசியதைத் தம்பி வாசலில் நின்று பார்த்துவிட்டான்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் சாமியாரின் பங்களாவில் கூட்டம். "எல்லாம் அந்தத் துப்பாக்கி கேம் பண்ற வேலைங்க சாமி. பாத்துப் பாத்துப் பையன் மனசு கல்லாப் போச்சு" என்றார் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அதற்குள் கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டு அந்தப் பெட்டியைத் துணி போட்டு மூடவும் வைத்திருந்தார்கள். பெங்களூரில் லேத் பட்டறை வைத்திருந்த சொந்தக்காரரிடம் அன்றைக்கே தம்பியை அனுப்பிவிடுவதாக அப்பா சொன்னார். படிப்புக்கு முழுக்கு. துணிப்பைகூடத் தயாராக இருந்தது. அவன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

என் வீட்டுக்காரர் முதுகில் மஞ்சள் பத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து, "சின்னப் பையன், உடுங்க சாமி. நான் மன்னிச்சிட்டேன்" என்றார். அடேயப்பா, வேஷம் இன்னும் கலையவில்லை!

சாமியார் தம்பியிடம் தணிவாகத்தான் கேட்டார். "பயப்படாத கண்ணு. இப்பிடி அடிக்கறத எங்கப்பா பாத்துக் கத்துக்கிட்ட?"

"எங்க வூட்டுலதாங்க சாமி" என்றேன் நான். "அவரு என்னய அடிக்கறப்போ பாத்தான்."

ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினேன். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என் கையைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், பிறகு போய்த் தம்பியிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார். "நீயும் கெளம்பும்மா, நம்ம வூட்டுக்கு" என்றார்.

தம்பி அப்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

"நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. சொல்லக்கூடாதுன்னு நீதான சத்தியம் வாங்கின? அதான் அடிச்சேன்."