எங்கள் லேப்டாப்பில் வந்த விளம்பரம்

என் கணவருக்கு என்ன நோய் என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் கொழுந்தனாரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார். என் கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் மேட்டூர் அணை நீர்மட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கதவைத் திறப்பதற்கு முன் கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. கல்லீரல்ல வீக்கம்னு சொல்லிக்கலாம். தெரிஞ்சா அன்னிக்கே மனசு ஒடஞ்சு படுத்துடுவார்."

எங்கள் குடும்பங்களில் இதுதான் வழக்கம். நோய் யாருக்கோ அவருக்குத்தான் கடைசியில் தெரியும், தெரியாமலும் போகும். என் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தோம். நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்லைங்க, வீக்கம்தான். மாத்திரையில வத்திடுமாம்" என்றேன். "நான்தான் சொன்னேன்ல?" என்று எழுந்து செருப்பைத் தேடினார்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. காலையில் காபி குடித்ததும் அது அவருடையது. கிரிக்கெட் ஸ்கோர், அணை நீர்மட்டம், செய்தி என்று பதினோரு மணி வரை விடமாட்டார். மத்தியானம் அவர் தூங்கும்போது என்னுடையது. அந்தப் பாழாய்ப்போன நோயைப் பற்றி வாசிப்பேன். எத்தனை நாள் தாங்கும், சாப்பாடு இறங்காவிட்டால் என்ன செய்வது, வலி எங்கே வரும். ஒவ்வொரு தளத்துக்குள் நுழையும்போதும் குக்கீகளை ஏற்கிறீர்களா என்று ஒரு பெட்டி வழியை மறிக்கும். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது பளிச்சென்று நீலத்தில் இருக்கும். 'மறுக்கிறேன்' என்பது கண்ணாடி போட்டாலும் தெரியாத சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் இருக்கும். எழவு, விட்டால் போதும் என்று நீலத்தையே அழுத்துவேன். முடித்ததும் எதையெதைப் பார்த்தேன் என்ற பட்டியலை மறக்காமல் அழித்துவிடுவேன். நான் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

ஆடி பிறந்தது. "மேட்டூர்ல தொறந்துட்டான். தண்ணி முக்கொம்பு தாண்டிடுச்சாம்" என்று ஒருநாள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒரு நடை ஸ்ரீரங்கம் போயிட்டு வந்துடலாமா? அம்மா மண்டபத்துல தண்ணியப் பாத்துட்டு, அப்படியே அக்கா வீட்டுக்கும் போயிட்டு வந்துடலாம்."

அவர் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். அவருடைய அக்கா இன்னமும் அங்கே உத்தர வீதியில்தான் இருக்கிறார். நியாயமான ஆசைதான். ஆனால் அக்காவுக்கு விஷயம் தெரியும். தம்பியைக் கண்டால் கட்டிக்கொண்டு அழுதே காட்டிக்கொடுத்துவிடுவார் என்று கொழுந்தனார் பயந்தார். அக்கா இங்கே வராமல் இருப்பதற்கே மூட்டுவலி என்று ஒரு பொய் ஓடிக்கொண்டிருந்தது.

"குணமானதும் போலாங்க" என்றேன். அவர் ஸ்கோரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். ஸ்கோருக்கு நடுவே ஒரு நர்ஸ், கட்டிலில் ஒரு கிழவரின் கையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். 'கணையப் புற்றுநோய் முற்றிய நிலையா? கடைசி நாட்களை வீட்டிலேயே நிம்மதியாகக் கழிக்க எங்களை அழையுங்கள்.' "சார்ஜ் இல்லைங்க, போதும்" என்று பிடுங்கி மூடினேன். "கடைசி ஓவர்ம்மா, பாவி" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கவனிக்கவில்லை, பெருமாள் காப்பாற்றினார் என்று சமையலறையில் போய் நின்று அழுதேன்.

அதற்குப்பின் அந்த நர்ஸ் வரவில்லை. ஆனால் லேப்டாப்பின் நடவடிக்கையே மாறிவிட்டது. நேற்று போன தளமே இன்று என்னை முன்பின் பார்க்காதது போல, குக்கீகளை ஏற்கிறீர்களா என்று முதலிலிருந்து கேட்டது. சனியன் கெட்டுப்போய்விட்டது என்று திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த விளம்பரத்தைச் சொன்னேன். "பாத்ததையெல்லாம் அழிச்சுட்டேனேடா, அந்த விளம்பரக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அத மட்டும் அழிச்சா போதாதும்மா. நீ ஒரு தளத்துக்குப் போனா அது நம்ம லேப்டாப்புலயே ஒரு சின்னக் குறிப்பு போட்டு வச்சுடும். அதுதான் குக்கீ. உன் மொழி, நீ பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்தது, இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்க அது வேணும். ஆனா விளம்பரக் கம்பெனிக்காரனும் அதே பக்கத்துல அவன் குறிப்பு ஒண்ணு போடுவான். வேற தளத்துக்குப் போனாலும் இது அந்த ஆளுதான்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்."

"அடப்பாவிகளா! நிறுத்தறது எப்படி?"

"அந்தப் பெட்டியில மறுக்கிறேன்னு அழுத்தணும். செட்டிங்ஸ்ல போய் மத்தவங்க போடற குக்கீயத் தடுக்கலாம், இருக்கறத அழிக்கலாம், மூடும்போதெல்லாம் தானா அழியற மாதிரியும் வைக்கலாம். ஆனா அவன் ஏற்கெனவே எடுத்துட்டுப் போனது போனதுதான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏம்மா, ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே கேள்வி கேக்கறீங்க? அப்பா புதன்கிழமையே இதக் கேட்டாரே."

"என்னடா கேட்டார்?"

"ஏதோ விளம்பரம் பத்து நாளாவே வருதாம். அம்மா கண்ணுல பட்டா பயந்துடுவா, வராம பண்ண வழி சொல்லுன்னார். நான் என்ன விளம்பரம்னு கேக்கல..." அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது.

கீழே வந்து செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகச் செய்யப்பட்டிருந்தது. மற்றவர்கள் போடும் குக்கீகளுக்குத் தடை. மூடும்போது அழிக்கவும் என்பதில் ஒரு டிக். அந்த நர்ஸ் என் கண்ணில் படக்கூடாதென்று அவர் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் நான் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "வீக்கம் கொஞ்சம் வத்தின மாதிரி இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் ஸ்ரீரங்கம் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். இன்னொரு தரம் வற்புறுத்தினால் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிடுமே, அதனால் விட்டுவிட்டார்.

அன்று முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் யாரையும் கேட்காமல் காருக்குச் சொன்னேன். கொழுந்தனார் என்ன சொன்னாலும் சரி, அக்கா வீதியில் விழுந்து அழுதாலும் சரி. வெளுத்த வேட்டியை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன். இரவெல்லாம் வாந்தி எடுத்ததில் கண் இடுங்கிப்போயிருந்தது. தூக்கி உட்கார வைத்தால் கழுத்து நிற்கவில்லை.

"எழுந்திருங்க. ஸ்ரீரங்கம் போயிட்டு வந்துடலாம். ஆத்துல தண்ணி நிறைய போகுதாம். கார் வாசல்ல நிக்குது." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எதற்கு அழுகிறேன் என்று கேட்கவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"குணமானதும் போலாம்மா" என்றார்.