முடிவுத் தேதிக்கு ஒத்துக்கொள்ளாத செயலாளர்

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் ஊரப்பாக்கம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வரக்கூடாது. வந்தால் நகர் நலச் சங்கத்தில் பிடித்துப் போட்டுவிடுவார்கள். என்னை அப்படித்தான் பிடித்தார்கள். சங்கத் தலைவர் எங்கிருந்தோ உறுப்பினர் நிர்வாக சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி வந்து, "சும்மா ஏத்திடுங்க சார், உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்றார். உறுப்பினர்களை ஏற்றுவது சுலபமாகத்தான் முடிந்தது. பொறுப்பாளர்களை ஏற்றுவதில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின.

அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு பதவிக்கு ஒரே ஆள்தான். பதவி ஏற்ற தேதி, முடியும் தேதி இரண்டும் வேண்டும். எதை மாற்றினாலும் தலைவர் தன் பாஸ்வேர்டைப் போட வேண்டும். சங்கத்தின் லெட்டர்பேடில் இடது ஓரமாகப் பொறுப்பாளர்கள் பெயர் வரிசையாக இருக்குமே, அதையும் அதுவே அச்சடித்துக் கொடுத்தது. இனிமேல் சங்கக் கடிதம் எதுவாக இருந்தாலும் கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் சங்கத்துக்கு என்ன மரியாதை என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் சங்கத்தில் பதவிக்கு வருவார்கள், யாரும் போகமாட்டார்கள். தோற்றவர் கௌரவத் தலைவர் ஆவார். அவருக்கும் முன்னால் இருந்தவர் காப்பாளர். ஒருவர் 'ஆலோசகர்' என்று போட்டதற்குக் கோபித்துக்கொண்டு, 'நிரந்தர ஆலோசகர்' என்று மாற்றிய பிறகுதான் என்னோடு பேசினார். தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருந்த பாய் மட்டும், பொருளாளர் என்று போட்டால் போதும் தம்பி என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த வருஷம் செயலாளராக ஜெயித்தவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். சர்ச்சுக்கும் வீட்டுக்கும் தவிர எங்கும் போகாதவர், தேர்தலில் நின்றதற்கு ஒரே காரணம் தண்ணீர்தான். தெருவிலேயே பள்ளமான கோடியில் அவர் வீடு. அதைத் தாண்டியுள்ள மழைநீர்க் கால்வாயை, புது வீடு கட்டியவர்கள் செங்கல் துண்டும் மண்ணும் கொட்டி அடைத்துவிட்டார்கள். முந்தைய வருஷ மழைக்கே தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. உள்ளே பக்கவாதத்தில் படுத்த கணவர். மாடியும் கிடையாது. ஐப்பசிக்குள் அந்தக் கால்வாயைத் தூர்வார வைக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவர் பெயரை ஏற்ற வேண்டும் என்றால், பழைய செயலாளருக்கு முடிவுத் தேதி போட வேண்டும். மத்திய அரசு ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். திரையில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"உயிரோட இருக்கிற மனுஷனுக்கு முடிவுத் தேதி போடுவீங்களா சார்? என் பொண்ணு பாத்தா என்ன நினைப்பா?"

பதவிக்குத்தான் சார் முடிவு, உங்களுக்கு இல்லை என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. தலைவர் யார் மனமும் புண்படாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாருக்கும் முடிவுத் தேதி 2099 என்று போட்டுவிடச் சொன்னார். தனக்கும் சேர்த்துத்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தார். அடுத்த நிமிஷம் டீச்சர் பெயரை அடித்தேன். செயலாளர் பதவி 2099 வரை காலி இல்லை என்று வந்தது. தலைவர் அதைப் படித்துவிட்டு, டீச்சருக்குக் 'கூடுதல் செயலாளர்' என்று போட்டுக்கொள்ளலாமே என்றார். அன்றைக்குத் தலைவலியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

கால்வாயைத் தூர்வாரச் சொல்லி சங்க லெட்டர்பேடில் அச்சடித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, டீச்சர் ஊராட்சி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். ஓரத்தில் செயலாளர் என்று ஒரு பெயர், கீழே கையெழுத்து வேறு பெயர். யாரம்மா செயலாளர் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. சரி, நீங்களே ஒரு கையெழுத்துப் போடுங்கள் சார் என்று பழைய செயலாளரிடம் போய் நின்றார் டீச்சர். ஜெயித்தது நீங்கள், நான் போட்டால் சட்டப்படி தப்பாகிவிடும் என்று அவர் சொன்னாராம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"எனக்குப் பேரெல்லாம் வேணாம் தம்பி," என்றார் டீச்சர். "மழைக்கு முன்னால ஒரு லெட்டர் உள்ள போகணும். அவ்வளவுதான்."

அந்த 2099-ஐ மாற்ற பாஸ்வேர்டு போடச் சொல்லி நான் தலைவர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். தீபாவளி போகட்டும் என்றார். தீபாவளி போனதும், பழைய செயலாளர் கொஞ்சம் மனசு சரியில்லாமல் இருக்கிறார், இப்போது போய்க் கேட்க வேண்டாமே என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாவது நாள் காலையில் டீச்சர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அவர் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் பாயும் இன்னும் இரண்டு பேரும் எதிர்வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டீச்சர் பின்னாலிருந்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தார். தெருவே கூடிவிட்டது. சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று எல்லாரும் கத்தினார்கள். பழைய செயலாளர் மாடிப்படி ஓரத்தில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். அவரைத்தான் முதலில் கேட்டார்கள்.

"என்னை ஏன் கேக்கறீங்க? செகரட்டரி டீச்சர்தானே. அவங்களைக் கேளுங்க."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. கையில் நாற்காலி மட்டும் இல்லாவிட்டால் அவரை அந்தத் தண்ணீரிலேயே தள்ளியிருப்பேன். டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இவர் காலைக் கொஞ்சம் பிடிங்க. படியில இடிக்குது."

அவர் குடையை மடித்துக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தார்.