பத்து மணிக்குக் காய்ந்திருக்கும் மணல்

எங்கள் தெருவில் இந்த வாரம் சாக்கடைக் குழாய் மாற்றுவதற்காகத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். குவித்துவைத்த கறுப்புச் சேற்றின் நாற்றத்துக்கு பயந்து வீட்டுக்கு வீடு சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். நான் ஒருவன்தான் வாசலில் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். அழுகின முட்டை வாடையோடு கொஞ்சம் உப்பும் சேர்ந்தால் எனக்கு அது கடலோரம். கூடவே ஒரு பயமும் வரும், இத்தனை வருஷம் கழித்தும்.

அப்போது நான் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த அறிவியல் வாத்தியார். பிள்ளைகளை அரண்மனைக்கும் மிருகக்காட்சிசாலைக்குமே அனுப்பி அலுத்துப்போயிருந்த தலைமையாசிரியை, இந்தத் தடவை ஏழாம் வகுப்பைக் கடல் பக்கம் கூட்டிப்போகலாம் என்றார். உடுப்பிக்கு வடக்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருக்கிறதாம். சேற்றில் தத்தி நடக்கும் மீன், மூச்சுவிடும் வேர் எல்லாம் நான் பாடத்தில் பிரமாதமாக நடத்தியவைதான். எதையும் கண்ணால் கண்டதில்லை. கடலையே கண்டதில்லை. வேலைக்கு எடுக்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

முன்கூட்டியே இடத்தைப் பார்த்துவர ஒரு சனிக்கிழமை என்னையும் விளையாட்டு வாத்தியார் முருகேஷையும் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. கரைக்கும் காட்டுக்கும் நடுவே தண்ணீரே இல்லை, வெறும் மணல்தான் கிடந்தது. நான் கோபிநத்தம் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் காவிரியில் கால் வைக்குமுன் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "மேல தண்ணி உட்டுருக்காங்களா?" அணை திறந்தால் தண்ணீர் வரும், இல்லையென்றால் வராது. அதே பழக்கத்தில் அங்கே டீக்கடைக்காரரிடமும் கன்னடத்தில் கேட்டுவைத்தேன். இங்கே யார் விடுவார்கள் என்று அவர் சிரித்தார். விடுவதற்கு ஆள் இல்லை என்றால் தண்ணீர் வராது என்று நான் முடிவுகட்டினேன். கே.ஆர்.எஸ். அணையைப் பார்த்து வளர்ந்த முருகேஷும், "கரெக்ட் சார்" என்றார்.

காட்டுக்குள் அந்த மீனைப் பார்த்த குஷியில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தால் மணலைக் காணோம். எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர் இரைச்சல் போட்டுக்கொண்டு வரும், நமக்கும் ஓட நேரம் கிடைக்கும். இது பூனை மாதிரி வந்து நிரம்பியிருந்தது. முருகேஷ் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ள, இறங்கி நடந்தோம். நடுவில் எனக்கு நெஞ்சு வரை வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எதுவரை வரும் என்று ஒரு நினைப்பு வந்ததும் கால் நகர மறுத்துவிட்டது. முருகேஷ்தான் இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் போட்டார். "வீட்ல சொல்ல வேணாம் சார், ஆய்த்தா? சரியா?" என்றார்.

தலைமையாசிரியையிடம் மட்டும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அவர் கன்னடம் கலந்த தமிழில் சாவகாசமாகச் சொன்னார்: "பத்து மணிக்கு மணல் காய்ஞ்சிருந்தது அல்லவா? அன்னைக்கும் பத்துக்கே இறங்கி, பன்னெண்டுக்குள்ள இந்தப் பக்கம் வந்துடுங்க. அஷ்டே, அவ்வளவுதான்."

நியாயமாகத்தான் பட்டது. பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு எல்லாமே மணியடித்தால் நடக்கும். கடலுக்கும் ஒரு டைம்டேபிள் இருக்கும், அது தினமும் ஒன்றுதான் என்று நாங்கள் மூவரும் நம்பினோம். இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமைக்கு பஸ்ஸும் பேசியாயிற்று. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகைப்பதிவு எடுக்கும்போது பேருக்கு எழுந்து நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குக் குளியலறையில் வாளி நிரம்புவதுகூடப் பேயாக இருந்தது.

வகுப்பிலேயே குள்ளமானவள் கவிதா. அவள் அம்மா எங்கள் ஊர்ப்பக்கத்து ராமாபுரத்திலிருந்து மைசூருக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவர். வேலைக்குப் போகிற வழியில், பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"கடலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க சார். நீங்க போயிப் பாத்துட்டு வந்துட்டீங்களாமா. அது போதுங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

அந்த அம்மா கொஞ்சம் பயந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"மேடம், யாரும் மணல்ல இறங்க வேணாம். கரையிலேயே நிக்கலாம்."

"ஏன், டைம்தான் பார்த்தாச்சே. பயமா?"

"ஆமா மேடம். பயமா இருக்கு."

அறிவியல் வாத்தியாரிடம் அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை. அவர், "சரி, கரையிலேயே நில்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினோம். மணல் தெரிந்தது. அங்கங்கே கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர், அவ்வளவுதான். போகலாம் சார் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். முருகேஷுக்கே சபலம் தட்டியது. "பத்துதான் சார் ஆவுது. ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமா?" நான் தலையாட்டி மறுத்தேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு புளியோகரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மணல் முழுவதும் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. அங்கே தண்ணீர் ஏறும் நேரம் தினமும் மாறும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். எங்கள் திட்டப்படி அப்போது மொத்த வகுப்பும் அக்கரையில் இருந்திருக்கும். முருகேஷ் கண்முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. முருகேஷ் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருஷம் புறநகர் பஸ் நிலையத்தில் ஒரு பெண், கையில் பிள்ளையோடு, "சார், நான் கவிதா" என்றாள். புருஷனோடு அந்தக் கடல் பக்கம் போய்வந்தாளாம்.

"அங்க பெரிய கல்சுவர் கட்டிட்டாங்க சார். அந்த மணலும் இல்ல, காடும் இல்ல. எங்கம்மா இருக்கற வரைக்கும் நம்ம டூரைப் பத்திக் கேட்டுட்டே இருந்துச்சு. நான் என்னத்தச் சொல்ல? கரையில உக்காந்து சாப்ட்டு வந்தோம். ஒண்ணுமே நடக்கலல்ல சார்?"

"ஆமாம்மா, ஒண்ணுமே நடக்கல" என்றேன்.