மூன்று ஹெட்ஃபோன்களும் ஒரு விசிலும்

எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் முதலில் என் கணவர் கைக்குத்தான் போகும். சுரைக்காய் என்றால் நகத்தால் ஒரு கீறல், கேஸ் சிலிண்டர் என்றால் சீலைச் சுற்றி ஒரு பார்வை, குக்கர் கேஸ்கட் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுழற்று. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில், இன்ஸ்பெக்டராக இருந்தவர். மிஷின் அடித்துத் தள்ளும் தகடுகளை எடுத்துப் பார்த்து, இது ஓகே, இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு ரிஜெக்ட் பண்ண அவருக்குக் கிடைத்தது வீட்டுச் சாமான்களும் நானும்தான்.

என் வேலையும் ஏறக்குறைய அதே ரகம். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் பதிவாகும் பேச்சுகளை வீட்டிலிருந்தபடியே கேட்டு மார்க் போடுகிறேன். பேசுகிற ஊழியர் வணக்கம் சொன்னாரா, வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை பொறுத்தாரா, தொகையைச் சரியாகச் சொன்னாரா. நான் ஒரு வார்த்தையைக் கோட்டை விட்டால் எங்கோ உட்கார்ந்து பேசிய ஒரு பெண்ணுக்கு அந்த மாத ஊக்கத்தொகை போய்விடும். போன மழைக்காலத்தில் அப்படி இரண்டு தடவை கோட்டை விட்டேன். இரண்டு பேருமே சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருந்தார்கள். எனக்குத்தான் கேட்கவில்லை.

டீம் லீடர் நயமாகத்தான் பேசினார். "மேடம், உங்க வீட்ல சத்தம் ஜாஸ்தின்னா ஓப்பனா சொல்லுங்க. ஆபீஸ்லயே சீட் போட்டுத் தரேன். இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஆபீஸ் இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையில். மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போய், அங்கே பஸ் மாறி, பெரும்பாக்கம் வழியாகப் போக வேண்டும். என் முழங்கால் இரண்டு பஸ் ஏறி இறங்குகிற முழங்கால் இல்லை. ஐம்பதைத் தாண்டிய என்னை வேறு எவரும் புதிதாக வேலைக்கு எடுக்கப்போவதும் இல்லை. ஆகவே வீட்டில் அமைதி கிடைத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அமைதி எங்கே கிடைக்கும்? பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டுகிறார்கள். டைல்ஸ் வெட்டும் மிஷின் காலையில் கத்த ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் மூச்சு விடும். தாம்பரத்து விமானப்படைக்காரர்கள் நினைத்துக்கொண்டால் தலைக்கு மேலே ஒரு சுற்று வருவார்கள். ஆனால் இதெல்லாம் வந்து போகிற சத்தம். போகாத சத்தம் எங்கள் டிவி.

படுக்கையறையில் வைஃபை நொண்டும் என்பதால் என் மேஜை ஹாலில். டிவியும் ஹாலில். அவர் பார்ப்பது செய்தி விவாதம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஐந்தாவது ஆள் அவர்களை நிறுத்தச் சொல்லிக் கத்துவார். "கொஞ்சம் குறைங்க" என்பேன். உடனே குறைப்பார். அதில் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் சத்தம் திரும்பப் படி ஏறி வந்திருக்கும். மறுபடி சொல்வேன், மறுபடி குறைப்பார். அவர் காது கொஞ்சம் மந்தம் என்பது எனக்குத் தெரியும். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பேசிக்கொண்டால் மேளக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் வீம்புக்குக் கூட்டுகிறார் என்றே பல நாள் எனக்குத் தோன்றியது. உத்தியோகம் போன மனிதருக்கு ரிமோட் ஒன்றுதானே செங்கோல்.

ஆகவே ஹெட்ஃபோன். காதை முழுக்க மூட வேண்டும், வயர் இருக்கக் கூடாது, வெளிச்சத்தத்தை அடக்குகிற வகையாக இருக்க வேண்டும், விலை ஐயாயிரத்துக்குள் இருக்க வேண்டும். யூடியூபில் ஆளாளுக்கு விமர்சனம் செய்திருந்தார்கள். ஒருவர் விமானத்தில் போட்டுப் பார்த்தார், ஒருவர் மெட்ரோவில், ஒருவர் ஜிம்மில். செய்தி விவாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எவரும் போட்டுப் பார்க்கவில்லை.

நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். என்னிடம் பயிற்சிக்கென்று கொடுத்த ஒரு பழைய பதிவு இருந்தது. அதில் ஒரு பெரியவர் பாலிசி எண்ணை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். டிவி ஓட வேண்டும், பக்கத்தில் டைல்ஸ் வெட்ட வேண்டும், அந்த எண் எனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்டால் பாஸ்.

முதல் ஹெட்ஃபோன் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். வழக்கம்போல அவர்தான் பெட்டியைப் பிரித்தார். மடக்கி மடக்கி விரித்துக் கீலைப் பார்த்தார், மெத்தையை அமுக்கிப் பார்த்தார், பிறகு தலையில் மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தத்தை அடக்கும் பட்டனை அமுக்கினார். முகத்தைச் சுளித்தார். கழற்றினார்.

"உள்ள விசில் வருது," என்றார். "ரிஜெக்ட்."

நான் போட்டுப் பார்த்தேன். விசில் இல்லை, ஆனால் தூரத்தில் ஷவர் திறந்த மாதிரி மெல்லிய ஸ்ஸ் சத்தம் இருந்தது. மலிவு விலையில் அது சகஜம் என்று படித்திருந்தேன். அதைத்தான் விசில் என்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு குறைகள் இருந்தன. கிடுக்கி போட்ட மாதிரி தலையை அமுக்கியது. அரை மணி நேரத்தில் காது மடலில் வியர்வை ஊறியது. பெரியவரின் எண்ணில் பாதிதான் தேறியது. திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது மெத்தென்று இருந்தது. மிக்ஸி சத்தத்தைச் சுத்தமாக விழுங்கியது. ஆனால் பாட்டுக்கென்றே செய்தது போல அடித்தொண்டைச் சத்தத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள். பெரியவர் குடத்துக்குள்ளிருந்து பேசினார். ஐந்தா ஒன்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் கணவரோ அதற்கும் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"இதுலயும் விசில் அடிக்குது. அதே விசில். ஒரே கம்பெனிதான் பேர் மாத்தி விக்கிறான்."

எனக்கு விசில் கேட்கவில்லை. அது என் தொழில் கர்வத்தைச் சீண்டியது. காதை வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், டிவியை ஊருக்கே கேட்க வைக்கிற மனிதர் அவர். அவருக்குக் கேட்பது எனக்கு ஏன் கேட்கவில்லை? குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் குடத்துப் பெரியவரை வைத்துக்கொண்டு குப்பை கொட்ட முடியாது என்பதால் அதையும் திருப்பி அனுப்பினேன்.

பொட்டலம் கொண்டுவருகிறவர் என் வயதுக்காரர். இரண்டாவது தடவை திரும்ப வாங்கிக்கொள்ள வந்தபோது அவருக்கே பொறுக்கவில்லை. "இன்னா மேடம், இதுவும் ரிட்டனா? நல்லாத்தான கீது?" என்றார். உள்ளேயிருந்து என் கணவர், "விசில் அடிக்குதுங்க" என்றார். வந்தவர் பெட்டியைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாவது ஒரு சனிக்கிழமை வந்தது. இம்முறை நான் பெட்டியை அவரிடம் கொடுக்கவில்லை. நானே பிரித்தேன், நானே போட்டுக்கொண்டேன், பட்டனை அமுக்கினேன். டைல்ஸ் மிஷின் காணாமல் போயிற்று. விவாதக்காரர்கள் நாலு பேரும் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனார்கள். பதிவை ஓட விட்டேன். பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வோர் இலக்கமாக, என்னிடமே சொன்னார். எவ்வளவு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது தாடை தளர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வேலை பிழைத்தது என்று சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அதைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் போட்டுக்கொண்டார். பட்டனை அமுக்கினார். முகம் அதே மாதிரி சுளித்தது.

"இதுலயும் அடிக்குது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு எதுதான் சரியா இருந்திருக்கு? எனக்குக் கேக்கலை. யாருக்கும் கேக்கலை. நான் இதைத் திருப்பி அனுப்ப மாட்டேன். வேலை போறது எனக்கு, உங்களுக்கு இல்லை!"

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பட்டனை அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, டிவியை அணைத்தார். பக்கத்து மனையில் அப்போது சாப்பாட்டு வேளை. படுக்கையறைக்குள் போய், ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவையும் சாத்திக்கொண்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கோபித்துக்கொள்கிறவர் எதற்காக ஃபேனை நிறுத்த வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஹெட்ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இது ஓகே. வச்சுக்கோ."

"விசில்?"

"மூணு சப்ளையர் பீஸ்லயும் ஒரே டிஃபெக்ட் வந்தா பீஸை ரிஜெக்ட் பண்ணக் கூடாது. அளக்கிற கேஜைச் செக் பண்ணணும்." விரலால் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான் இருக்கு. ஹெட்ஃபோன் இல்லாம ரூம்லயும் அடிக்குது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். தொழிற்சாலையில் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே தனியாக எதுவும் கேட்காது. வீட்டுக்கு வந்த பிறகு ஃபேன்தான் கீச்சிடுகிறது என்று நினைத்து பேரிங் மாற்றியிருக்கிறார். அப்புறம் கொசுவர்த்தி மிஷின் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டிருக்கிறார்.

"டிவி ஓடினா தெரியறதில்ல," என்றார். "நீ குறைக்கச் சொல்றப்போ விசில் மேல வந்துடும். சரி, ஃபேன்தானேன்னு இருந்துடுவேன்."

காதில் அடைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் பஞ்சு மாதிரி ஒன்று கொடுத்தார்கள் என்றும், ஆடிட் வருகிற நாளில் மட்டும் வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். பிரஸ் அடிக்கிற சத்தம் கொஞ்சம் மாறினாலும் அச்சு விரிசல் விடப்போகிறது என்று இவருக்குத் தெரிந்துவிடுமாம். காதை அடைத்துக்கொண்டால் அது எப்படிக் கேட்கும் என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கேட்கும்போது பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இவர் பல இடங்களில் அமுக்கவில்லை. நரம்பு தேய்ந்துவிட்டது, தேய்ந்தது தேய்ந்ததுதான் என்றார் டாக்டர். விசிலை நிறுத்த மாத்திரை கிடையாது. ஒரேயடியாக நிசப்தமான இடத்தில் இருக்க வேண்டாம், ஏதாவது சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அது பின்னால் போய்விடும் என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த மாதிரி முகத்தை வைத்திருந்தார். தெரிந்துதானே இருந்தது.

இத்தனை காலம் நான் குறைங்க குறைங்க என்று சொன்னபோதெல்லாம் மறுப்புச் சொல்லாமல் குறைத்தாரே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

திங்கட்கிழமை மூன்றாவது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கியதும் வீடு அடங்கியது. பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகக் கேட்டன. ஒரு வார்த்தை விடவில்லை. நடுவில் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் நாலு பேர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் உடம்பை முன்னால் தள்ளி, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வேலை செய்கிறேன் என்று தானாகவே சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்.

எழுந்து போய் அவர் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, எவ்வளவு வைப்பது என்றும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, போதும் என்று கைகாட்டும்வரை கூட்டிக்கொண்டே போனேன்.