வியாழன், 11.40

காலியான ஒரு கருவியிலிருந்து காலியான கணினிக்கு ஒரு குறிப்பு எப்படி வரும்? நானும் கணினி படித்தவள்தான். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் அப்பா மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வீடு சிதம்பரம். பெண்ணாடம், திட்டக்குடி என்று டாக்டர்களைப் பார்க்க அலைவார். யாரை எப்போது பார்ப்பது என்பதெல்லாம் சட்டைப்பையில் வைத்திருந்த பாம்டாப்பில் இருக்கும். உள்ளங்கை அளவில், குச்சியால் எழுதுகிற பழைய டிஜிட்டல் டைரி அது. தமிழ் வராது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார். ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் 'மறக்காத' என்று தனக்கே சொல்லிக்கொள்வார். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. என் மகள் ஜெனிக்கு மூன்று வயது.

போன மாதம் அம்மா வீட்டு பீரோவில் அது கிடைத்ததும் கடலூருக்கு எடுத்து வந்தேன். அந்த வார ஞாயிறு மதியம் என் கணவர் புது பேட்டரி போட்டார்.

"பேட்டரி செத்தா உள்ள இருக்கிறது பூரா அழிஞ்சிடும். உங்கப்பா எழுதினது ஒண்ணும் இருக்காது, அழுவாத" என்றார்.

உண்மைதான், எல்லாமே காலியாக இருந்தது. தேதியைச் சரிசெய்தார். இதற்கென்றே யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருளைத் தன் லினக்ஸ் கணினியில் அன்றுதான் ஏற்றினார். கருவியிலும் கணினியிலும் இருப்பதை ஒப்பிட்டு ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. சும்மா சோதிக்கத்தான் பட்டனை அமுக்கினார். ஒரே ஒரு குறிப்பு வந்து விழுந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ்.

வியாழன், 11.40. ஜெனி ஸ்கூல் கேட். மறக்காத.

"நீங்கதான எழுதுனீங்க?"

"எனக்கு வேற வேல இல்ல? தூக்கமில்லாம நீயே எழுதியிருப்ப. எதுக்கெடுத்தாலும் ஜாஸ்தி யோசிக்கிற."

அதையும்தான் யோசித்தேன், நானே எழுதிவிட்டு மறந்துவிட்டேனோ என்று.

பள்ளி விடுவது 12.30க்கு. வியாழக்கிழமை போகக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் 11.20க்கு மேல் உட்கார முடியவில்லை, என்னையே திட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். போய் நின்றால் கேட் திறந்து கிடக்கிறது, ஜெனி ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் கால் வைக்கிறாள், பஸ் வருகிறது. எப்படித் தூக்கினேன் என்றே தெரியவில்லை.

மிஸ் ஓடி வந்தார். "ஐயோ, தண்ணி லாரி வந்துச்சு மேடம், கேட்ட சாத்தாம வுட்டுட்டாங்க!"

ஜெனி என்னைப் பார்த்து, "ஏம்மா லேட்டு?" என்றாள்.

கேட்டுக்கு இப்போது பூட்டு போட்டுவிட்டார்கள். ஆனால் அன்று மாலை அந்தக் குறிப்பைத் திறந்து பார்த்த என் கணவர் அதற்குப் பிறகு கிண்டல் செய்வதில்லை. அது ஒருமுறைக்கான குறிப்பு இல்லை. 'வாரா வாரம்' என்று குறித்திருக்கிறது. 'முடியும் நாள்' என்ற இடத்தில் அடுத்த மாதத்து வியாழன் ஒன்று இருக்கிறது.

பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் வாரம் ஒருமுறை, உள்ளே இருப்பது அழிவதற்குள் சட்டென்று, மாற்றுகிறேன். கணினியில் அழித்தால் அடுத்த முறை இணைக்கும்போது கருவியிலும் அழிந்துவிடும், அதனால் தொடவில்லை. ஒவ்வொரு வியாழனும் 11.40க்கு கேட்டில் நிற்கிறேன். "மணி அடிக்கவே தேவையில்ல, ஜெனியம்மா வந்துட்டாங்க" என்று மிஸ்கள் சிரிக்கிறார்கள்.

வாரா வாரம் என்று போட்டவர், ஏன் அந்த நாளோடு நிறுத்தினார்? அதோடு ஆபத்து தீர்ந்துவிடும் என்றா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த வியாழன் ஜெனியைப் பள்ளிக்கு அனுப்பலாமா?