அஞ்சலையின் சங்கிலி என் பேரில்

போன மாதம் மூன்று நாள் அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சர்க்கரை ஏறி, மயங்கி விழுந்து, ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி... சொல்லவே அலுப்பாக இருக்கிறது, விடுங்கள்.

என் மகன் ரவிகூட அழவில்லை. அழுதவள் அஞ்சலை.

தா.பழூர் பக்கம் எங்கள் வயலுக்கு இருபது வருஷமாக நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவள். பஸ் ஏறி வந்து, கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி, "ஒங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமைதான். நம்மேல் இவ்வளவு பாசமா!

மூன்றாம் நாள் நான் எழுந்து உட்கார்ந்ததும் காதருகே வந்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க... அந்தச் சங்கிலி..."

சுருக்கென்றது.

விஷயம் இதுதான். மகளின் நர்சிங் படிப்புக்காகத் தன் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்தாள். நிலம் உள்ளவர்களுக்குக் கூட்டுறவு சொசைட்டியில் வட்டி குறைவு. அஞ்சலைக்கு ஒரு சென்ட் கிடையாது. என் சிட்டாவைக் காட்டி என் பேரில் வைத்தோம். எங்கள் பக்கம் இது புதிதில்லை — கடப்பாரையை இரவல் கொடுப்பது போலப் பேரையும் கொடுப்போம். கையெழுத்து என்னுடையது. ரசீது என் பீரோவில். எங்களுக்குள் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. என் வாய்ச்சொல்லுக்கு மேல் சீட்டு எதற்கு என்ற திமிர்!

வாய் இருக்கிறவரைதானே வாய்ச்சொல்?

வீட்டுக்கு வந்ததும் ரவி ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு நின்றான்.

"பட்டா, டெபாசிட், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கிடலாம்மா. நாளைக்கு நாங்க ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது பாரு."

"நான் இன்னும் சாவலடா."

"அதான் இப்பவே கேக்குறேன்."

பீரோவைக் கிளறினான். ரசீது கையில் வந்தது.

"நாலு பவுனா? எங்க கண்ணுலயே காட்டாம வச்சிருந்தியா! மீட்டா எம்பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்."

திருட்டுப் புத்தி இல்லை அவனுக்கு. பேர் என்னுடையது, நான் அவன் அம்மா. வேறென்ன நினைப்பான்? நான் கண் திறக்காமலே போயிருந்தால், அஞ்சலை எந்த முகத்தோடு வந்து கேட்பாள்? கேட்டாலும் யார் நம்புவார்கள்? எழவு வீட்டில் நகை கேட்டு வந்தவள் என்ற பேர்தான் மிஞ்சியிருக்கும்.

"அது அஞ்சலையோடதுடா. வட்டியும் அவதான் கட்டுறா."

"ரசீதுல ஒம்பேருதானம்மா இருக்கு?"

"அதான்டா வெனையே."

இதை எழுதி வைத்தே தீருவது என்றேன். டைப் அடித்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் கோணல் எழுத்து என் பிள்ளைகளுக்குத் தெரியும். காலையில் உட்கார்ந்தவள் மதியம்தான் எழுந்தேன். கை வலி, கண் வலி. சங்கிலி அஞ்சலையுடையது, கடனை அடைப்பவளும் அவளே, மீட்டதும் அவள் கையில் கொடுக்க வேண்டும். கூடவே, என் பாஸ்புக்கில் கிடக்கும் மகளிர் குழுப் பணம் எனதல்ல என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் ரவியின் கையெழுத்து.

அஞ்சலைக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்? ஒங்க வார்த்த போதாதா?" என்றாள். சொல்லிக்கொண்டே அதை எட்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

உங்கள் பேரில் யாருடைய பொருள் இருக்கிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அஞ்சலை போனதும் ரவி அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"ஏம்மா, அத்தனையும் ஊரார் சொத்தா இருக்கு. நம்ம சொத்த எங்க எழுதியிருக்க?"

"அதுக்குத் தெம்பில்லடா. நம்மளத நீங்க எப்படியும் தேடி எடுத்துருவீங்க. அடுத்தவங்களதத்தான் யாரும் தேட மாட்டாங்க."